ஒன்பதாம் வகை

தெ-ஷெங் வேகமாக நடந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. தீயணைப்பு ஒத்திகை நடந்தபோதுகூட ஆறாவது மாடியிலிருந்து கையில் தேநீர்க் குவளையோடு ஒவ்வொரு படியாக, சிந்தாமல் இறங்கி வந்த ஆள் அவன். கீழே பெயர் வாசித்தவர் எல்லோரையும் முடித்துவிட்டு இவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். "நான் எரிஞ்சு போயிட்டேன்னு குறிச்சுக்குங்க, மேல போய் மிச்ச வேலையப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தான். அப்போது அவனுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. களைப்பு மட்டும் அப்போதே முழுசாக வந்திருந்தது.

முழுப்பெயர் ஃபான்சியாங் தெ-ஷெங். ஊர் சின்சூவுக்குப் பக்கத்தில் சூதொங். கணினிக்குள் செருகும் வலையட்டைக்குச் சில்லு செய்கிற கம்பெனியில் இருபத்து நான்கு வருடம் இருந்தான். கம்பெனி பெயர் வேண்டாம். அதற்குள் இரண்டு முறை கை மாறி, மூன்று முறை பெயர் மாறியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் எங்களுக்குப் புது விசிட்டிங் கார்டு வரும். நாற்காலி அதேதான்.

நான் அதே மாடியில் சோதனைக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவள். பத்தொன்பது வருடமாக வலையட்டைகளின் வாயில் பாக்கெட்டுகளை, அதாவது இணையத்தில் போகும் தகவல் பொட்டலங்களை, கொட்டி, எது விக்குகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. பையன்கள் "லுவான் அக்கா" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு ஏதோ சொல்வார்கள். தெரியும், சொல்லிக்கொள்ளட்டும்.

தெ-ஷெங்கின் வேலை டிரைவர் நிரல். எங்கள் அட்டை பேசுவது கெர்னலுக்குப் புரியாது. கெர்னல் என்பது கணினியின் உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் நடத்துகிற நிரல். அது பேசுவது எங்கள் அட்டைக்குப் புரியாது. நடுவில் நின்று இரண்டுக்கும் சொல்லிக் கொடுப்பதுதான் டிரைவர். அந்த நிரலிலும் அவன் ஆயுளை வாங்கியது ஒரே ஒரு பட்டியல், பதினாறு வரி. அதைப் பற்றிச் சொல்லாமல் அவனைப் பற்றிச் சொல்ல முடியாது. என் நாத்தனாருக்கே சொல்லிப் புரிய வைத்திருக்கிறேன், உங்களுக்குப் புரியாமலா போகும்.

ஒரு கணினிக்கு எட்டு கோர் இருக்கிறது என்று வையுங்கள். வேலை செய்ய எட்டு ஆள். வந்து விழும் பாக்கெட் எல்லாவற்றையும் ஒருவன் தலையிலேயே கட்டினால் அவன் மூச்சு முட்டிப்போவான், மற்ற ஏழு பேர் நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் எங்கள் அட்டை ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் எழுதியிருப்பதைப் படிக்கும். அனுப்புகிறவர் முகவரி, வாங்குகிறவர் முகவரி, இரண்டு பக்கத்துக் கதவு எண். எல்லாவற்றையும் போட்டு அரைத்து ஒரு எண் எடுக்கும். அதுதான் ஹாஷ். ஒரே பேச்சின் பாக்கெட்டுகளுக்கு எப்போதும் ஒரே எண் வரும். அவை ஒரே கோருக்குப் போகும், வார்த்தைகள் முன்பின்னாகாது. வேறு பேச்சு என்றால் வேறு எண், வேறு கோர்.

எண்ணோடு ஒரு குறியையும் அட்டை மேலே அனுப்பும். எதையெல்லாம் போட்டு அரைத்தேன் என்பதற்கான குறி அது. எங்கள் அட்டையில் பதினாறு குறி. கெர்னலுக்கு எங்கள் குறி தெரியாது. அதனிடம் இருப்பது சில சொற்கள்தான்: 'தெரியாது', 'முகவரி மட்டும்', 'முகவரியும் கதவு எண்ணும்'. எங்கள் பதினாறில் எது அதன் எந்தச் சொல் என்று சொல்வதுதான் அந்தப் பதினாறு வரி. கெர்னல் இதில் மகா நம்பிக்கைக்காரன். 'கதவு எண்ணும் சேர்த்து அரைத்தேன்' என்று சொன்னால் மறுபேச்சே கிடையாது, அப்படியே வாங்கிக்கொள்ளும். 'முகவரி மட்டும்' என்று சொன்னால், தேவைப்படும்போது தானே பாக்கெட்டைத் திறந்து பார்த்து நல்ல எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஆகவே, குறைத்துச் சொன்னால் நஷ்டம் இல்லை. கூட்டிச் சொன்னால்தான் கெட்டது.

இந்தப் பதினாறு வரியை அவன் நான்கு முறை திருப்பி எழுதியிருக்கிறான். கெர்னல்காரர்கள் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறார்கள். எல்லாப் பேச்சும் எல்லோரும் பார்க்கிற மெயிலிங் லிஸ்டில்தான். முதலில் ஆம், இல்லை என்ற இரண்டு சொல் போதும் என்றார்கள். பிறகு மூன்று என்றார்கள். பிறகு அதுவும் போதாது, எந்த வகை முகவரி, எந்த வகைப் பேச்சு என்று தனித்தனியாகச் சொல்லுங்கள் என்றார்கள். ஒவ்வொரு முறையும் எழுதி அனுப்பி, நாலு பேரிடம் திட்டு வாங்கி, திருத்தி, மறுபடி அனுப்புவான். "அதே சாமான்தான் லுவான். வீடுதான் மாறுது. மூட்டைய அவிழ்க்காம அப்படியே தூக்கி வெக்கறேன்" என்பான். நானும் சிரித்திருக்கிறேன். அவிழ்த்துப் பார்த்திருக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

போன அக்டோபரில், இந்த ஊர்க் காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கத் தொடங்கிய வாரம், லிஸ்டில் ஒரு மடல் வந்தது. எழுதியவர் பெயர் குதோ, ஜப்பானின் வடகோடியில் ஒரு தீவுக்காரர். ஐந்து பத்தி, அதில் நான்கு இடத்தில் மன்னிப்பு. 'தொந்தரவுக்கு மன்னிக்கவும், என் தவறாகவே இருக்கலாம்' என்று தொடக்கம். இங்கிலீஷ் எங்களுடையதைவிட மோசம், ஆனால் சொன்னது துல்லியம். தீவில் இரண்டு சிறு மருத்துவமனைகள், இரண்டுக்கும் சேர்த்து ஒரு டாக்டர். நடுவில் ஒரே இணைப்பு. அதில் எல்லாப் பாக்கெட்டும் இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்துத்தான் போகும், உறைக்குள் உறை மாதிரி. நர்ஸ் டாக்டரோடு பேசிக்கொண்டிருக்கும்போது எக்ஸ்ரே படம் போனால் குரல் துண்டு துண்டாகிறது. கணினியில் ஒரு கோர் திணறுகிறது, ஏழு சும்மா இருக்கின்றன. உள்ளுறையின் கதவு எண்ணை இரண்டாயிரம் விதமாக மாற்றிப் பார்த்தாராம். அட்டை ஒரே எண்ணைத்தான் தருகிறது. குறி ஒன்பது. ஆனால் டிரைவர் கெர்னலிடம் 'கதவு எண்ணும் சேர்த்து' என்கிறது. அது எப்படி என்று கேட்டிருந்தார். கடைசியில் மறுபடி ஒரு மன்னிப்பு.

தெ-ஷெங் அந்த மடலைப் படித்துவிட்டு என் கூடத்துக்கு வந்து, எப்போதும்போல நாற்காலியில் சரிந்தான்.

"ஒன்பது பாஸா?" என்று கேட்டான்.

"ஒன்பது வருஷமா பாஸ். தினம் ஓடுது, தினம் பச்சை" என்றேன். "அந்த ஆள் கேபிளை மாத்திச் செருகியிருப்பான். நீ வேற, இதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு."

"பாஸ்னு எதை வெச்சுச் சொல்லுது உன் சோதனை?"

"பட்டியலை வெச்சு."

"எந்தப் பட்டியலு?"

திறந்தேன். முதல் வரியிலேயே இருந்தது, என் கையால் எழுதியது. எதிர்பார்க்கும் விடைகள், டிரைவர் கோப்பிலிருந்து எடுத்தது என்று. டிரைவர் சொல்வது சரியா என்று டிரைவரையே கேட்டுக்கொண்டு, ஒன்பது வருடம் பச்சை விளக்கு காட்டியிருக்கிறேன். என் காது இரண்டும் சூடாகிவிட்டது.

நடந்தது ஞாபகம் வந்தது. அந்த வருடம் சில்லுக்காரர்களின் ஆவணம் வந்து சேரவில்லை. நான் இவனைக் கேட்டேன். "இப்போதைக்கு டிரைவர்ல இருந்து எடுத்துப் போடு" என்றான். போட்டேன். அந்த 'இப்போதைக்கு' ஒன்பது வருடம் ஓடியது. எங்கள் சோதனை இயந்திரத்தின் மேல் தேங்காய்ச் சுவைப் பொரிப் பாக்கெட் ஒன்று வைத்திருப்போம். இயந்திரம் அடம் பிடிக்காமல் ஓட வேண்டும் என்பதற்காக இந்த ஊரில் எல்லோரும் வைப்பது. பச்சைப் பையாக இருக்க வேண்டும், காலாவதி ஆகக்கூடாது. அந்தப் பையை ஒரு நாள் தவறாமல் மாற்றியவள் நான். பட்டியலை ஒரு முறை திறந்து பார்க்கவில்லை. எனக்கு என்மேலேயே வந்த கோபத்தில் அன்றைக்குக் கூடத்துப் பையன்கள் மூன்று பேரையும் காரணமில்லாமல் திட்டித் தீர்த்தேன்.

தெ-ஷெங் திட்டவில்லை. பழைய கோப்புகளைத் தோண்டினான். பட்டியலை முதலில் எழுதியது வெங் யூ-தாங், அப்போது சேர்ந்து ஆறு மாதமான பையன். ஒன்பதாம் வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு வைத்திருந்தான்: 'இப்போதைய சில்லு வெளியுறையை மட்டுமே பார்க்கிறது. அடுத்த சில்லு உள்ளேயும் பார்க்கும் என்கிறார்கள். வந்ததும் சரிபார்க்கவும்.' அடுத்த சில்லு வரும் என்று நம்பி, வராத சில்லுக்கு விடை எழுதி வைப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அந்தக் குறிப்பின் கீழே தெ-ஷெங்கின் பதில் இருந்தது: 'வெளிவராத சில்லைப் பற்றி லிஸ்டில் பேசக்கூடாது. நீக்கு.' யூ-தாங் நீக்கினான். அடுத்த வசந்தத்தில் அந்தச் சில்லையே கைவிட்டார்கள். ஒன்பதாம் வரியை யாரும் நினைக்கவில்லை.

"அவன் சரியாத்தான் எழுதியிருக்கான். நான்தான் அழிக்கச் சொன்னேன்" என்றான் தெ-ஷெங். இரண்டு முறை சொன்னான்.

திருத்தம் ஒரே ஒரு சொல். ஒன்பதாம் வரியில் 'முகவரி மட்டும்' என்று மாற்ற வேண்டும். அரை நிமிட வேலை. ஆனால் கெர்னல்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிழையைத் திருத்தினால், எந்தப் பழைய மாற்றம் அந்தப் பிழையைக் கொண்டுவந்தது என்று கீழே ஒரு வரி எழுத வேண்டும். இது எதைச் சரிசெய்கிறது என்கிற வரி. அந்த வரி இருந்தால்தான் திருத்தத்தைப் பழைய கெர்னல்களுக்கும் எடுத்துப் போவார்கள். குதோவிடம் இருப்பது பழைய கெர்னல்தான். தானாகப் புதுசு போட அவருக்கு அனுமதி இல்லை என்று மடலிலேயே எழுதியிருந்தார். வரி இல்லாவிட்டால் திருத்தம் அந்தத் தீவுக்குப் போய்ச் சேராது. வரி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போகிற யார் கண்ணிலும் முதலில் படுவது வெங் யூ-தாங் என்ற பெயர்.

அந்த வெங் யூ-தாங் இப்போது எங்கள் பிரிவுக்கே தலைவர்.

எங்கள் இருவரையும் சின்ன அறைக்குக் கூப்பிட்டான். நல்லவன்தான், அவனைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தெ-ஷெங்குக்குத் தேநீரை அவனே ஊற்றினான். தலைவரான பிறகும் அவனை 'அண்ணே' என்பதை விடவில்லை.

"அண்ணே, திருத்தம் அனுப்புங்க. நான் வேண்டாம்னு சொல்லலை" என்றான். "அந்த ஒரு வரி மட்டும் இப்ப வேண்டாம். சும்மா சுத்தம் பண்ணோம்னு அனுப்பிடுங்க. பெரிய கஸ்டமர் அட்டையச் சோதிச்சுக்கிட்டு இருக்காங்க. ஒன்பது வருஷமா தப்பு சொல்லிக்கிட்டிருந்தோம்னு நாமளே ஊருக்குச் சொல்ற நேரமா இது?"

"வரி இல்லாம அனுப்பினா பழைய கெர்னலுக்குப் போகாது."

"ரெண்டு மாசம் கழிச்சுத் தனியாக் கேட்டு அனுப்பிக்கலாமே."

"பின்னாடி பாத்துக்கலாம்னுதான் அப்பவும் சொன்னோம்" என்றான் தெ-ஷெங்.

யூ-தாங் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். "வெளிப்படையாச் சொல்லிடறேன். மாசக் கடைசில பேர் கொடுக்கணும். டிரைவர் குழுவுல நாலு பேர், ஒருத்தரைத்தான் வெச்சுக்கலாம்னு மேல சொல்லிட்டாங்க. உங்க பேரத்தான் எழுதியிருக்கேன். வயசு அம்பத்திரெண்டான ஆளு எதுக்குன்னு ஏற்கெனவே கேக்கறாங்க. இப்ப இது வெளிய போச்சுன்னா நான் எழுதினது நிக்காது. அதான்."

"அந்த வரில உன் பேரு இருக்குன்னு பயப்படறியா?" என்று கேட்டேன். எனக்கு வாய் நிற்காது.

"அதுவும் இருக்குதான் அக்கா. இல்லைன்னு பொய் சொல்லலை."

"குறிப்பை எடுக்கச் சொன்னது நான்னு கீழ எழுதறேன்" என்றான் தெ-ஷெங்.

"அது இன்னும் மோசம்ணே. வராத சில்லை நம்பி எழுதினோம்னு ஆயிடும்."

"அப்படித்தானே எழுதினோம்" என்று சொல்லிவிட்டுத் தெ-ஷெங் தேநீரைக் குடித்து முடித்தான்.

வெளியே வந்ததும் நான் கேட்டேன், என்ன செய்யப் போகிறாய் என்று. "தெரியலை. அசதியா இருக்கு" என்றான். அது அவன் எல்லாக் கேள்விக்கும் சொல்கிற பதில். ஆனால் அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தால் உண்மையாகவே பயமாக இருந்தது. வீட்டில் மாமனார் படுத்த படுக்கை, மனைவி அவரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டிருந்தாள். மகளுக்குக் கவ்ஷியோங்கில் கடைசி வருடப் படிப்பு. இந்தத் தொழில்நுட்பப் பூங்காவில் ஐம்பதைத் தாண்டியவனை வாசல் காவலுக்குத்தான் எடுப்பார்கள். அவனுக்கும் வேறு ஆசை கிடையாது. இருக்கிற நாற்காலியில் கடைசி வரை இருந்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் பட்டியலை மட்டும் அழித்துவிட்டு, இந்த முறை சில்லுக்காரன் மேசைக்கே போய் நின்று, பதினாறு குறியையும் ஒவ்வொன்றாக அவன் வாயால் சொல்லச் சொல்லி எழுதினேன். மற்ற பதினைந்தும் சரி.

எங்கள் ஆபீசில் மதியம் பன்னிரண்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். ஒன்றரை வரை தூக்கம். மேசையில் தலையணை போட்டுக் கவிழ்வார்கள், சிலர் மடக்குக் கட்டிலே வைத்திருக்கிறார்கள். தெ-ஷெங் அந்தத் தூக்கத்தை ஒரு நாளும் விட்டவன் இல்லை. பதினோராவது நாள் நான் கை கழுவிவிட்டு வரும்போது இருட்டில் அவன் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மேசையில் பான்தியாவ் நூடுல்ஸ் டப்பா திறக்காமல் அப்படியே இருந்தது.

திரையில் இரண்டு மடல் பக்கம் பக்கமாக இருந்தன. ஒன்றில் அந்த வரி இருந்தது, இன்னொன்றில் இல்லை.

"பாரு. இவ்வளவுதான் வித்தியாசம்" என்று கிசுகிசுத்தான். "இருபத்து நாலு வருஷம் வேலை பார்த்தேன், கடைசில ஒரு வரி."

"சாப்பிடு முதல்ல."

"அந்த ஆள் மறுபடி எழுதியிருக்காரு. அவசரப்படுத்தறதுக்கு மன்னிக்கணுமாம்." குதோவின் மடலைக் காட்டினான். போன வாரம் ஒரு குழந்தைக்கு மருந்து அளவு கேட்க நர்ஸ் கூப்பிட்டிருக்கிறார். டாக்டர் சொல்லத் தொடங்கியதும் குரல் அறுந்திருக்கிறது. நான்காவது முறைதான் முழுசாகக் கேட்டதாம். குழந்தைக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்று குதோ எழுதியிருந்தார். அந்த 'கவலைப்பட வேண்டாம்' என்பதைத்தான் தெ-ஷெங் விரலால் தொட்டுக் காட்டினான்.

"நான் திட்டு வாங்கியே பழகினவன் லுவான். இவரு திட்டவே மாட்டேங்கறாரு" என்றான்.

அனுப்பு என்றால் இவன் குடும்பம். அனுப்பாதே என்றால் அந்தக் குழந்தை. அவன் வரி உள்ள மடலை எடுத்தான். அதன் கீழே இன்னும் இரண்டு வரி தட்டினான்: இந்த மதிப்பு சந்தேகத்துக்குரியது என்று எழுதியவர் குறித்திருந்தார், அந்தக் குறிப்பை நான் நீக்கச் சொன்னேன், தவறு என்னுடையது. அனுப்பினான். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். விளக்கு எரியும்வரை உண்மையாகவே தூங்கினான்.

சாயங்காலம் லிஸ்டில் பதில் வந்தது. இதை யாராவது சோதித்தார்களா, சோதனை இருந்தால் ஒன்பது வருடம் எப்படித் தெரியவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். தெ-ஷெங் என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. 'சோதனையிலும் குறை இருந்தது, அதுவும் என் பொறுப்பு' என்று பதில் தட்டத் தொடங்கியிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எடு கையை. என் தப்பை நீ எதுக்குச் சுமக்கற? பெரிய தியாகி" என்று சொல்லிவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

பத்தொன்பது வருடத்தில் அந்த லிஸ்டில் நான் ஒரு எழுத்து எழுதியதில்லை. நான்கு வரிக்கு நாற்பது நிமிடம் ஆனது. பழைய சோதனையின் விடைகளை டிரைவரிலிருந்தே நகல் எடுத்தது நான், அதனால் அது ஒரு நாளும் தோற்றிருக்க முடியாது. இப்போது சில்லு ஆவணத்திலிருந்து மறுபடி எழுதினேன், திருத்தத்துக்கு முன் ஒன்பதாம் வகை தோற்கிறது, பின் ஜெயிக்கிறது. அடியில் 'சோதித்தவர்' என்று போட்டு என் பெயர். மறுநாள் அங்கிருந்து வந்தது இரண்டே சொல்: சேர்த்துக்கொண்டோம், நன்றி.

மாதக் கடைசியில், போக வேண்டியவர்களின் பெயர்கள் வந்தன. தெ-ஷெங்கின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. சோதனைக் கூடத்தில் அந்த வருடம் கை வைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். இதில் நீதி எதையும் தேடாதீர்கள்.

யூ-தாங் தானே வந்து சொன்னான். உட்காரவில்லை. "நான் எழுதினத மாத்தலண்ணே. மேலதான் மாத்தினாங்க."

"தெரியும்" என்றான் தெ-ஷெங்.

எனக்குத் தெரியாது. இன்று வரை நான் அதை நம்பவில்லை. ஆனால் தெ-ஷெங் நம்பினான், எழுந்து நின்று அவன் தோளைத் தட்டினான். "உன் குறிப்பை அன்னைக்கு விட்டு வெச்சிருந்தா உனக்கு இந்தத் தலைவலி வந்திருக்காது" என்றான். யூ-தாங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போய்விட்டான்.

எங்கள் இடத்தில் போகச் சொன்னால் அன்றைக்கே போக வேண்டும். மூன்று மணிக்குக் கார்டு வேலை செய்யாது, மடல் பெட்டி மூடிவிடும். குவளையையும் முதுகுக்கு வைக்கும் தலையணையையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டான். லிஃப்ட் வரை போனேன். "மெதுவாப் போ" என்றேன். அதை அவனிடம் யாரும் சொல்ல வேண்டியதே இல்லை என்று இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

ஏழு வாரம் கழித்து எனக்கு ஒரு மடல். குதோ. தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று தொடக்கம். அவர்கள் பழைய கெர்னலுக்குத் திருத்தம் வந்து சேர்ந்துவிட்டது. எட்டு கோரும் வேலை செய்கின்றன. நர்ஸும் டாக்டரும் பேசிக்கொண்டிருக்கும்போதே எக்ஸ்ரே போனது, ஒன்றும் அறுபடவில்லை. ஃபான்சியாங் அவர்களுக்கு நன்றி சொல்லி மூன்று முறை எழுதினேன், மூன்றும் திரும்பி வந்துவிட்டன, முகவரியைத் தவறாக எழுதியிருப்பேன், சரியானது தெரிந்தால் தயவுசெய்து சொல்லவும் என்று முடித்திருந்தார்.

அதைப் படித்ததும் நான் கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு தெ-ஷெங்குக்குப் போன் போட்டு மடலை வாசித்துக் காட்டினேன். பின்னால் மாமனார் இருமுவது கேட்டது. முழுசும் கேட்டுவிட்டு, "அப்ப மடல் எல்லாம் திரும்பித்தான் போகுதா?" என்றான்.

"போகாம? உன் பெட்டிய மூடி எத்தனை நாளாச்சு."

"கெர்னலோட பொறுப்பாளர் பட்டியல்ல நம்ம டிரைவருக்கு இன்னும் அந்த முகவரிதான் இருக்கு."

"இருந்தா இருக்கட்டும். கம்பெனி பாத்துக்கும்."

"யாரு பாத்துக்கறா? வேற பேர் யாரும் போடலயே. இப்படியே விட்டா அநாதைன்னு எழுதிடுவாங்க." கெர்னலில் கவனிக்க ஆளில்லாத நிரலுக்கு உண்மையாகவே அந்தச் சொல்லைத்தான் போடுவார்கள்.

"எழுதட்டும். வெளிய போன்னு சொன்ன வீட்டை வாசல்ல நின்னு பெருக்குவியா? உனக்கு ரோஷமே கிடையாதா தெ-ஷெங்?"

"ரோஷத்துக்கெல்லாம் தெம்பு இல்லை" என்றான். "இன்னொரு குதோ எழுதுவாரு லுவான். பதில் வரலைன்னா தன் தப்புன்னு நெனச்சுக்குவாரு."

அன்று மாலை லிஸ்டில் அவன் திருத்தம் வந்தது. பொறுப்பாளர் பட்டியலில் எங்கள் டிரைவருக்கு நேரே இரண்டு வரியை மாற்றியிருந்தான். ஒன்றில் கம்பெனி முகவரியை எடுத்துவிட்டுச் சொந்த முகவரி. இன்னொன்று நிலை. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் கவனிக்கிறார் என்பதற்கு அங்கே ஒரு சொல் உண்டு. சம்பளம் இல்லாமல் ஒருவர் கவனிக்கிறார் என்பதற்கு இன்னொரு சொல். முதலாவதை அடித்துவிட்டு இரண்டாவதைப் போட்டிருந்தான். காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: பழைய முகவரிக்கு அனுப்பும் மடல்கள் வந்து சேர்வதில்லை.